ஏறியிருந்த அரைக் கட்டை

பகலெல்லாம் பெய்த மழை அப்பொழுதுதான் ஓய்ந்து, கூரைகளினின்று நீர் சொட்டுவது மட்டும் நில்லாதிருக்க, முகில் விலகிய மேற்றிசையில் மாலை வெயில் மஞ்சள் பூசி நிற்க, ஈரம் உலராத நெடுந்தெருவில் கடை அடைப்போரும் வீடு திரும்புவோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த வேளை அது. அத்தெருவின் கோடியில், வெளியோசை எதுவும் உட்புகாதவாறு சுவரெங்கும் தடித்த மெத்தை வேய்ந்து, கதவையும் கண்ணாடிப் பலகணியையும் கனமாக அமைத்து எழுப்பப்பட்டிருந்தது ஓர் ஒலிப்பதிவுக் கூடம். செவிச்சுவை அறிந்த அன்பரே, ஈயின் இரைச்சலும் நுழையவியலாத அவ்விடத்துள் ஐயம் மட்டும் எத்துணை எளிதாக நுழைந்தது என்று கேளும்.

தொண்டைநோயால் மேடையை விட்டு நெடுநாள் விலகியிருந்த பாடகி ஒருத்தி, தன் மீள்வரவுக்கெனப் பாடிய பாடலின் பதிவைக் கேட்டு ஒப்புதல் அளிக்க வந்திருந்தாள். இளமையில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடி அரங்குகளை ஆண்டவள் அவள். நோய் தீர்ந்தபின் மேலே எழும்போதெல்லாம் குரல் கீறிப்போகவே, அஞ்சி அஞ்சி ஐந்து கட்டைக்கு இறங்கியிருந்தாள். அரைக் கட்டைதானே என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்! அவளுக்கு அது, சொந்த வீட்டில் நல்ல அறையைப் பூட்டிவிட்டு மிச்சத்தில் குடியிருப்பதைப் போன்றது. அப்பாடலுக்குப் பக்க இசைஞர் எவரும் இல்லை. தொடையில் தட்டிய தன் கையே தாளம். தங்கை மீட்டிய தம்புராவே துணை.

ஒலிப்பதிவாளர் ஒலிநாடாவை ஓடவிட்டார். முதலடி முடிவதற்குள் பாடகியின் நெற்றி சுருங்கிற்று. வாராதவனுக்காக வாயிலில் காத்திருப்பவளின் துயரத்தை மெல்லிய நடையில் பாடியதாகவே அவள் எண்ணியிருந்தாள். இங்கே ஒலித்ததோ, அவன் வந்தேவிட்டான் என்று துள்ளி எழுபவளின் களிப்பு. திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை சட்டெனத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நீ கொஞ்சம் வெளியில இரு."

"அக்கா, முழுசும் கேளேன். எனக்கும் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லலாம். போ!"

தங்கை வெளியேறியதும் கதவை உட்புறம் தாழிட்ட பாடகி, கைப்பையிலிருந்த சுருதிக்குழலை எடுத்து ஊதி, நாடாவின் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஐந்தரை! ஐயமே இல்லை. நாடாவைச் சற்று விரைந்து ஓடச் செய்தால் சுருதியும் ஏறும், நடையும் விரையும் என்பது தொழிலறிந்த எவர்க்கும் தெரிந்ததே. இங்கே இரண்டும் ஒருங்கே ஏறியிருக்க, வேறென்ன சான்று வேண்டும்?

"நாடாவை வேகமா ஓட்டியிருக்கீங்க."

"என்னக்கா சொல்றீங்க? நீங்க பாடினது பாடினபடியே இருக்கு."

"எனக்குக் காது இல்லன்னு நெனச்சீங்களா? நான் பாடினது அஞ்சு கட்டை. இது அஞ்சரை. அழ வேண்டிய பாட்டு சிரிக்குது! கிழவிக்குச் சாயம் பூசி மேடை ஏத்தலாம்னு யார் சொன்னது, என் தங்கச்சியா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சத்தியமா நான் கை வைக்கலக்கா."

அவள் நம்பினாளில்லை. இப்பதிவு வெளிவந்தால் நாளை அரங்கில் அமர்ந்திருப்போர் இந்தக் குரலையன்றோ கேட்பர்? அந்த அரைக் கட்டைக்கு எட்ட முடியாமல் குரல் கீறி, எல்லார் முன்னும் தலைகுனிய நேருமே!

"அழிச்சிடுங்க."

"அக்கா, அசல் இது ஒண்ணுதான். இன்னும் படி எடுக்கல."

"பொய்க்குப் படி வேற வேணுமாக்கும்!"

அவர் முகம் சிவந்துவிட்டது. "குரல் உங்களுது. அழிக்கிறதுன்னா நீங்களே பொத்தானை அழுத்துங்க. என் கையால மாட்டேன்."

அவளே அழுத்தினாள். அதுகண்ட தங்கை கண்ணாடிக்கு அப்பால் பதறி எழுந்து, இரு கைகளாலும் அதை அறைந்து, வாய் திறந்து எதையோ கதறினாள். ஓர் ஓசையும் உள்ளே வரவில்லை. கையும் களவுமாக அகப்பட்டவளின் பதற்றம் என்றே பாடகி அதைக் கொண்டாள். நெஞ்சுக்குள் சற்று நிறைவாகக்கூட இருந்தது, பாவம்! நாடா ஓடி முடியும்வரை நின்று பார்த்துவிட்டே தாழை நீக்கினாள்.

"அய்யோ, என்னக்கா பண்ணிட்டே!" என்று உள்ளே பாய்ந்தாள் தங்கை. "தம்புராவை நான்தான் அரைக் கட்டை ஏத்தி வச்சேன். சொன்னா நீ பயந்துடுவியேன்னு சொல்லல. அவ்வளவும் நீ பாடினதுதான் அக்கா! ஒரு கீறல் விழல."

பாடகி அப்படியே அமர்ந்துவிட்டாள். சுருதி எங்கே நிற்கிறதோ அங்கே குரல் தானே போய்ச் சேர்ந்துகொள்ளும். தம்புராவை நம்பிக் கண்மூடியிருந்த அந்தப் பொழுதில், தடுக்க அச்சம் அருகில் இல்லாதபடியால், குரல் தன் பழைய இடத்தை அடைந்திருக்கிறது. கையும் பழைய விரைவைக் கொண்டிருக்கிறது. துயரப்பாட்டும் அவளை அறியாமலே களிப்பாகியிருக்கிறது. அத்தனையும் அவளுடையவை. அத்தனையும் போயின.

மனம் நொந்திருந்தும் ஒலிப்பதிவாளர் மறுபடியும் நாடாவைப் பூட்டினார். தங்கை அழுதுகொண்டே அதே சுருதியை மீட்டினாள். பாடகி தொடங்கினாள்; மேல்சுரங்களை நெருங்க நெருங்க, இது ஐந்தரை, இது ஐந்தரை என்று உள்ளம் எச்சரிக்க, குரல் கீறி நின்றது. மற்றொரு முறை முயன்றாள். அங்கேயே நின்றது.

பிறிதொரு நாள் ஐந்து கட்டையில் அவள் பாடிய பதிவே வெளிவந்தது; கேட்டோர் உருகினர்; எவரும் குறை சொன்னாரில்லை. பிறர் செய்யும் வஞ்சனையைக் கண்டுபிடிக்கத் தீட்டிய செவி, தனக்குக் கிடைத்த நன்மையையும் வஞ்சனையாகவே கேட்குமன்றோ? தங்கையை அவள் மன்னித்துவிட்டாள். தங்கையும் அவளை மன்னித்துவிட்டாள். ஆயினும் தம்புரா ஒலித்ததும் கண்மூடி அமர்ந்துவிடும் பழக்கம் அவளை விட்டுப் போயிற்று. இன்றும் அவள், தங்கையின் விரல்களை விழித்துப் பார்த்தபடியேதான் பாடுகிறாள்.