கரடி வில்லும் குருவி வில்லும்

என் தம்பி திலிபாவுக்கு இரவல் குடுத்த பொருளைத் திருப்பி வாங்கினவன் எங்க மலையில ஒருத்தனும் கெடையாது. கோடாலி குடுத்தா காம்பு மட்டும் வரும். கூடை குடுத்தா அதுவும் வராது. கேட்டா, "ஒன் வீட்டுல இருந்தா என்ன, என் வீட்டுல இருந்தா என்ன அண்ணே?"ன்னு பல்லைக் காட்டுவான். இதெல்லாம் தெரிஞ்சும் என் வில்லை அவன் கையில தூக்கிக் குடுத்தேன் பாருங்க, என் புத்தியை என்னன்னு சொல்றது.

அது சும்மா வில் இல்ல. காட்டு முசுக்கொட்டை மரத்தை அடுப்புக்கு மேல மூணு வருசம் புகையில போட்டு வச்சு, நானே செதுக்கின குறுக்குவில். வில்தண்டை ரெண்டு பாதத்தாலயும் மிதிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் நாணை இழுத்து, கட்டையில இருக்கிற எலும்பு விசையில மாட்டுறதுக்குள்ள சாதாரண ஆளுக்கு நாக்குத் தள்ளிரும். வச்சநாபிங்கிற விச வேரை அரைச்சுத் தடவின மூங்கில் அம்பை அதுல வச்சு விட்டா, காட்டுப்பன்னி அந்தண்ட போய் விழுந்து கெடக்கும்.

சோளம் பால் பிடிச்ச சமயம், தம்பி வயல்ல கரடி இறங்குச்சு. அவன்கிட்டயும் ஒரு வில் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. குருவி, அணில், காட்டுக்கோழி அடிக்கிற சின்ன வில். கட்டையில விரிசல் விட்டு, மான் நரம்பால சுத்திக் கட்டி வச்சிருந்தான். அம்பு எப்பவும் ஒரு விரக்கடை இடது பக்கமாப் போகும். அவனும் ஒரு விரக்கடை வலது பக்கமாப் பாத்து விடுவான். அதைத் தூக்கிக்கிட்டுக் கரடி முன்னாடி நின்னா கரடியே சிரிக்கும். "ரெண்டு நாளைக்குக் குடு அண்ணே"ன்னு வந்து நின்னான். குடுத்தேன். ரெண்டாம் நாளே கரடியைச் சாய்ச்சுட்டான். ஊரே கறி தின்னுச்சு. அன்னையில இருந்து அது "திலிபாவோட கரடி வில்" ஆயிருச்சு. செஞ்சவன் நான், பேரு அவனுக்கு. ஊர்க்காரன் தெரியாமச் சொன்னாலும் பொறுத்துக்கலாம். இவனே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

சோளம் அறுத்தாச்சு. வில் வரல. பனி கொட்டுறதுக்கு முந்தி உப்பு வாங்கிட்டு வந்துரலாம்னு நாலு பேர் கிளம்பினாங்க. கிழக்குக் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கிற உப்புக் கிணத்து ஊருக்கு. அன்னைக்குக் காலையில திலிபா என் வில்லைத் தோள்ல மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசல் வழியாவே போறான். எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"ஏண்டா, அந்த வில் எப்படா என் வீட்டுக்கு வரும்?"

"வரும்ணே, வரும். எங்க போயிரப் போகுது?"

"நீ செத்தாத்தான் வருமாடா?"

சொல்லிட்டேன். வாயில இருந்து விழுந்துருச்சு. அவன் நின்னான். எப்பவும் சிரிக்கிறவன் சிரிக்கல. திரும்பித் தன் வீட்டுக்குப் போயி, கரடி வில்லைக் குருவி வில்லுக்குப் பக்கத்துல சுவத்துல மாட்டிட்டுத் திரும்பி வந்தான். "ஒன் வில்லும் வேணாம், என் வில்லும் வேணாம். வேணும்னா நீயே வந்து எடுத்துக்க"ன்னு சொல்லிட்டு, இடுப்புல ஒரு கத்தியோட போயிட்டான். எங்க ஆம்பளைங்க வில் இல்லாம தண்ணி எடுக்கக்கூட இறங்க மாட்டாங்க. இவன் பனிமலைக்கு வெறுந்தோளோட ஏறினான். நான் கூப்பிட்டிருக்கலாம். வீம்பு. வில்லையும் போய் எடுக்கல. வந்து அவனே கொண்டாந்து குடுக்கட்டும்னு இருந்தேன்.

நாலு பேர் போனாங்க, மூணு பேர் வந்தாங்க.

"பின்னாடிதான் வந்துக்கிட்டு இருந்தான்"னாங்க. "திடீர்னு பனிக்காத்து அடிச்சுது. திரும்பிப் பாத்தா எல்லாம் வெள்ளை. கூப்பிட்டோம் கூப்பிட்டோம், சத்தமே இல்ல."

மறுநாளே நான் மலை ஏறினேன். மூணு நாள் தேடினேன். ஒரு பாறைக்கு அடியில அவன் உப்புக் கூடை பாதி புதைஞ்சு கெடந்துச்சு. ஆள் இல்ல. கூடையைத் தூக்கிக்கிட்டு இறங்கி வந்தேன். அவன் பொண்டாட்டி ஆக்கே வாசல்லயே நின்னா. கூடையை வாங்கி, ஈர உப்பை அடுப்புக்குப் பக்கத்துல காய வச்சா.

ஆம்பளைக்கு ஒம்பது நாள் பாப்போம். ஒம்பது நாளும் போச்சு. ஒடம்பு கெடைக்கலேன்னா எங்க வழக்கத்துல அவன் வில்தான் ஒடம்பு. நாணை இழுத்து விசையில பூட்டி, பூட்டின நாணைக் கத்தியால அறுக்கணும். தண்டு அப்படியே உதறி முழங்கணும். அந்த முழக்கம்தான் செத்தவன் "வாங்கிக்கிட்டேன்"னு சொல்றது. அப்புறம் அந்த வில் இந்த ஒலகத்துக்கு ஆகாது, சவப்பெட்டியில வச்சுப் பொதைச்சிருவோம். எந்த வில்லுன்னு எடுக்கிறதும், "இது ஒன்னுது, கொண்டுபோ"ன்னு சொல்றதும் கூடப் பொறந்தவன். அதாவது நான்.

பத்தாம் நாள் காலையில பன்னி அடிச்சாச்சு. சோளச் சாராயம் வந்தாச்சு. பூசாரி கோபெ விடிஞ்சதுல இருந்து உக்காந்து, உயிருக்கு வழி சொல்லிக்கிட்டு இருந்தாரு. இந்த ஓடையைத் தாண்டு, அந்த மேட்டுல ஏறு, எங்க முன்னோர் இருக்கிற எடத்துக்குப் போ, அப்படின்னு எடம் எடமாச் சொல்லணும். ஆக்கே ரெண்டு வில்லையும் சுவத்துல இருந்து எடுத்து எனக்கு முன்னாடி பாய்ல வச்சா.

"எடுப்பா ஆபு"ன்னாரு கோபெ. "எது?"

நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள ஊர் தொறந்துருச்சு.

"இதுல என்ன கேள்வி? கரடி வில்தான். கரடியச் சாய்ச்சவன்யா அவன்."

"போய்யா, அங்க கரடி எங்க இருக்கு? தெனமும் அடிச்சுத் திங்க வேண்டாமா? குருவி வில்லைக் குடுங்க."

"செத்தும் குருவிதான் திங்கணுமா அவன்? ஒனக்கு வேணும்னா ஒன் பெட்டியில வச்சுக்க."

"அந்த வில்லு இடது பக்கம் இழுக்கும்டா. அங்க போயும் குறி தப்பி மானங்கெடணுமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எழவு வீட்டுலயும் எங்க ஆளுங்க வாய் நிக்காது. நான் ரெண்டு வில்லையும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். உண்மையைச் சொல்லிர்றேன், என் கை குருவி வில் பக்கம்தான் போச்சு. அது அவனோடது. அதைக் குடுத்தா பொய் இல்ல, பாவம் இல்ல, என் வில் என் வீட்டுக்கு வந்துரும். ஒரு பய கேக்க முடியாது.

ஆக்கே குனிஞ்சு எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னா. "அத்தான், சின்னதையே குடுங்க. அவருக்கு அது போதும். பெருசு யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

அவ அப்படிச் சொல்லாம இருந்திருந்தா ஒருவேளை நான் சின்னதையே எடுத்திருப்பேன். அவ சொன்னதும், வெறுந்தோளோட அவன் மலை ஏறினது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அனுப்பினது என் வாய். இப்ப இன்னொரு தடவை என் வில்லைப் புடுங்கி வச்சுக்கிட்டு, அந்த விரிசல் கட்டையைக் குடுத்து அனுப்பவா? தூ, நானும் ஒரு அண்ணனா?

கரடி வில்லை எடுத்தேன்.

"இது ஒன்னுதுடா திலிபா"ன்னேன், ஊருக்கே கேக்கிற மாதிரி. "கொண்டுபோ."

பாதத்தால மிதிச்சு இழுத்தேன். எப்பவும் ஒரே இழுப்புல பூட்டுற வில், அன்னைக்கு மூணு தடவை இழுத்துத்தான் பூட்டினேன். கத்தியை வச்சு நாணை அறுத்தேன்.

முழங்கல. மடக்குன்னு ஒரு சத்தம். தண்டு நட்டநடுவுல முறிஞ்சு ஒரு துண்டு அடுப்புச் சாம்பல்ல போய் விழுந்துச்சு.

கோபெ மொகம் கறுத்துப் போச்சு. "வாங்கிக்க மாட்டேங்கிறான்"னாரு. "ஆபு, எதாச்சும் மறைக்கிறியா?"

பொய் சொல்லிக் குடுத்தா எப்படி வாங்குவான்? செத்தும் ரோசக்காரன். என் வில்லும் போச்சு, அவனுக்கும் போய்ச் சேரல. உயிரு அந்தப் பனியிலயே அலையப் போகுது. எல்லாத்தையும் சொல்லிரலாம்னு எந்திரிச்சேன். "பூசாரி, அந்த வில்லு..."ன்னு ஆரம்பிச்சேன்.

அப்ப கீழ நாய்ங்க கொலைச்சுது. அப்புறம் கொலைக்கிறதை விட்டுட்டு ஊளையும் சிணுங்கலுமா ஒரு சத்தம் போட்டுச்சுங்க. மரக்கால் மேல கட்டின வீடு, யாரோ ஏணியில ஏறி வர்றாங்க. ஒரு படிக்கு ஒருக்கா நின்னு நின்னு ஏறுற சத்தம்.

வாசல்ல திலிபா நிக்கிறான். யாரோ ஒருத்தரோட ஆட்டுத்தோலைப் போத்திக்கிட்டு, ஒரு கால்ல துணியைச் சுத்திக்கிட்டு, கம்பை ஊணிக்கிட்டு.

பொம்பளைங்க அலறினாங்க. கூடப் போன மூணு பேர்ல ஒருத்தன் சாராயப் பானையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூலையில ஒண்டினான். கோபெ வழி சொல்றதை விட்டுட்டு, "வராத! வராத! போன வழியே போ!"ன்னு கையை ஆட்டினாரு. அவன் எதையும் கவனிக்கல. பாயைப் பாத்தான். சாம்பல்ல கெடந்த துண்டைப் பாத்தான்.

"அட நாசமாப் போறவனுங்களா! எங்க அண்ணன் வில்லை எவன்டா ஒடைச்சது?"

கம்பை அந்தத் துண்டுப் பக்கமா நீட்டினான்.

"அது எங்க அண்ணன் செஞ்சதுடா! நான் இரவல் வாங்கினது! அவன் பாத்தா என்னைக் கொன்னே போட்ருவான்!"

ஊர் மொத்தமும் திரும்பி என்னைப் பாத்துச்சு. "ஒன்னுதா?"ன்னு ஒருத்தன் கேட்டான். எங்க இருந்து வந்துச்சோ அந்த ஓட்டம், பாயைத் தாண்டிப் போயி அவன் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டேன். கன்னம் சூடா இருந்துச்சு. உசுரு உள்ள கன்னம். அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டு, நாப்பது வயசு ஆம்பளை, ஓன்னு அழுதேன். என் வயித்துல பாலை வார்த்துட்டான் பாவி.

ஆக்கே வந்து அவன் மறு கன்னத்துல ஒண்ணு குடுத்தா. குடுத்துட்டு அங்கயே உக்காந்து அழுதா. அப்புறம் எந்திரிச்சுச் சூடாக் கஞ்சி கொண்டாந்தா.

விசயம் இவ்வளவுதான். பனிக்காத்துல வழி தப்பி, அந்தப் பக்கத்துச் சரிவுல உருண்டு, காலைச் சுளுக்கிக்கிட்டுக் கெடந்திருக்கான். ஒரு ஆட்டுக்காரக் குடும்பம் தூக்கிக்கிட்டுப் போயி அடுப்புக்குப் பக்கத்துல போட்டு வச்சிருக்காங்க. கால் ஊண முடிஞ்ச அன்னைக்குக் கிளம்பி வந்திருக்கான். "வில் இருந்திருந்தா அவங்களுக்கு ரெண்டு காட்டுக்கோழியாச்சும் அடிச்சுக் குடுத்திருப்பேன். சும்மா திங்கிறதுக்கு வெக்கமா இருந்துச்சு"ன்னான்.

கோபெதான் ரொம்ப நொந்து போனாரு. "பாதி வழி அனுப்பிட்டேன்யா. இனி ஒவ்வொரு எடமாப் பின்னாலயே சொல்லிக் கூட்டிட்டு வரணும். தலைகீழா எவனுக்குய்யா ஞாபகம் இருக்கும்?"ன்னு பொலம்பினாரு. உக்காந்து சொன்னாரு. மேட்டுல இருந்து எறங்கு, ஓடையைத் தாண்டு, வீட்டுக்கு வா. நடுவுல ஒரு ஓடையை விட்டுட்டாருன்னு திலிபாவே எடுத்துக் குடுத்தான். தன் எழவுல தானே பூசாரிக்கு ஒத்தாசை பண்ணினவன் ஒலகத்துலயே இவன் ஒருத்தன்தான் இருப்பான்.

பன்னியை அடிச்சாச்சே, என்ன செய்ய, சமைச்சாங்க. எழவுச் சாப்பாடு விருந்துச் சாப்பாடாப் போச்சு. யாரோ ஒரு கோப்பையை நீட்டி, "அண்ணனும் தம்பியும் குடிங்க"ன்னாங்க. எங்க வழக்கப்படி கன்னத்தோட கன்னம் ஒட்டி, ஒரே கோப்பையில ரெண்டு வாயும் வச்சுக் குடிச்சோம். நான் அடிச்ச கன்னம்தான் என் பக்கம். ஆட்டு நாத்தம் கொமட்டுச்சு. நான் நகரல.

கறி தின்னுக்கிட்டு இருக்கும்போது மெதுவாக் கேட்டான். "ஏண்ணே, சின்ன வில்லைக் குடுத்து அனுப்பியிருந்தா என்ன? எனக்கு அது போதுமே."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுடா."

கொஞ்ச நேரம் தின்னான். அப்புறம் ஒடைஞ்ச தண்டைப் பாத்துக்கிட்டே, "புது மரம் புகையேற மூணு வருசம் ஆகுமே. அடுத்த சோளத்துக்குக் கரடி வந்தா என்ன பண்றது?"ன்னான்.

"வந்தா வரட்டும்"னேன். "நீ ஒரு பக்கம் நில்லு, நான் ஒரு பக்கம் நிக்கிறேன். ரெண்டு பேரும் கத்துவோம்."