வலப்பக்கத்து மீசை

புதிதாக வாங்கிய பழைய காரின் பின்சில்லுகளுக்கு அடியில் கண்ணூறு கழிக்கத் தேசிக்காய் வைத்து முடிப்பதற்குள் பத்மநாதனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. முன்சில்லுகள் இரண்டுக்கும் மனைவி ஜெயகுமாரியே குனிந்து, குங்குமம் தடவிய காய்களை வைத்துவிட்டாள். பின்சில்லுகள் வெளியில் தெரிந்தால்தானே வைப்பதற்கு? காரின் உடம்போடு உடம்பாக, அதே வெளிர்நீல நிறத்தில் ஒரு தகடு சில்லை மூடிக்கொண்டு, தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறங்கியிருந்தது. "காருக்கும் பாவாடை கட்டி விட்டிருக்கிறாங்களே!" என்று ஜெயகுமாரி சிரித்தாள். ஹவுகெட்டோவில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை வெயிலில், பல்கனிகளில் கோப்பியோடு நின்ற நோர்வேக்காரர்கள் இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மநாதன் வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் சரிந்து, கையை உள்ளே விட்டுத் தடவித் தடவி இரண்டு காய்களையும் வைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து காரை மெல்ல முன்னே நகர்த்தினார்.

"நாலும் நசிஞ்சிட்டுதோ? வடிவாப் பாருங்கோ" என்றாள் ஜெயகுமாரி.

அவர் காரைச் சுற்றி வந்தார். மூன்று காய்கள் பிளந்து, சாறு தாரில் ஊறிக் கிடந்தது. வலது பின்சில்லுப் பக்கம் குனிந்தபோது தகட்டின் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. இருட்டா, தன் கண்ணில் இருக்கும் மூட்டமா என்று அவருக்கே பிடிபடவில்லை. முழங்காலில் இருந்து தேடினால் மகள் சாருகா ஏனென்று கேட்பாள்.

"ஓம், நாலும் நசிஞ்சிட்டுது" என்றார்.

அவருடைய வலப்பக்கம் சென்ற குளிர்காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை கை பட்டு விழுந்தது. பிறகு ஆட்கள் திடுமென்று பக்கத்தில் முளைத்தார்கள். அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில், வலப்பக்கம் நின்று சைகை காட்டுகிறவர்களைக் கவனிக்காமல் நின்றதால், மனிதருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வைத்தியரிடம் போனால் சாரதி அனுமதிப்பத்திரம் போய்விடும். ஆவணிக் கடைசியில் சாருகாவுக்குக் கலியாணம். மணப்பெண்ணாக அவளை இந்தக் காரில் ஏற்றி, தானே ஓட்டிப் போய்க் கோயில் வாசலில் இறக்கிவிட வேண்டும். அதன் பிறகு கண் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மனதைக் கட்டிப்போட்டிருந்தார்.

அந்தக் கார் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. அகதியாக வந்த புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அந்த ஊருக்கு இருந்ததே ஒரு தெரு. அதில் உள்ளூர்ப் பொடியன்கள் பழைய அமெரிக்கக் கார்களை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கும் போவதற்கல்ல, சும்மா ஓட்டுவதற்கு. போக இடமில்லாத ஒருவன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமா என்று, மீன் நாற்றத்தோடு தெருவோரம் நின்ற பத்மநாதனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று பிடித்த பைத்தியம். வாலில் துடுப்பு முளைத்தது, கூரை மடங்குவது, பக்கவாட்டில் மரப்பலகை பதித்தது என்று வகை வகையாகப் பிரித்து, கேட்கிறவர் கொட்டாவி விடும்வரை சொல்லுவார். அவருடைய மனம் நின்றது நடுத்தூண் இல்லாத நாலு கதவுக் காரில். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை தடுப்பே இல்லாமல் வெறும் காற்று. அப்படி ஒரு ஐம்பத்தேழாம் ஆண்டு பியூக், எமிலியா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் இருந்தது.

எமிலியாவின் தகப்பனார் அந்தக் காருக்குப் பூட்டாத நகையில்லை. முன்கண்ணாடிக்கு மேலே நெற்றி மாதிரி ஒரு வெயில் மறைப்பு, பின்னால் தகர உறைக்குள் நிமிர்ந்து நிற்கும் மேலதிகச் சில்லு, இரண்டு பக்கமும் குரோம் பூசிய கண்ணாடி, பின்சில்லுகளுக்குப் பாவாடை. வலப்பக்கம் மட்டும், கீழே, பின்சில்லுக்குச் சற்று முன்னால் ஒரு சுருள்கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. பூனையின் மீசை மாதிரி. கார் நடைபாதைக் கல்லுக்குக் கிட்டப் போனால் அது உரசிக் 'கிர்ர்' என்று சத்தமிடும். ஓட்டுகிறவர் விலகிக்கொள்ளலாம்.

"மற்றதெல்லாம் அழகுக்கு. இது ஒன்றுதான் அப்பாவுக்காக" என்று, கார் பார்க்கப் போன பத்மநாதனிடம் எமிலியா நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "கடைசி வருடங்களில் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டினார்."

பத்மநாதனுக்குத் தன் குட்டு வெளிப்பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. அவள் அவரைப் பார்க்காமல் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒருநாள் காரை நடுவீதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். யாரோ இதைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறார்கள் என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை இந்தக் காரில் ஏறவில்லை."

வயது போனவர்களின் தடுமாற்றம் என்று எண்ணிப் பத்மநாதன் தலையாட்டினார். மீசையைக் கண்ட நிமிடமே வாங்குவதென்று தீர்மானித்துவிட்டவருக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

தொடக்கத்தில் மீசை அவருக்கு வலது கண்ணாகவே இருந்தது. ஆனியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நிறுத்தி வைத்த காரின் இடப்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் 'கிர்ர்' என்று கேட்டது. சுற்றி வந்து பார்த்தார். யாரும் இல்லை, காற்றும் இல்லை. மீசை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை கடலோர வீதியில், உரசுவதற்குக் கல்லே இல்லாத இடத்தில், சத்தம் கூடவே வந்தது. வேகத்தைக் கூட்டினால் கூடியது. குறைத்தால், பக்கத்தில் ஒருவர் நடந்து வருகிற கதிக்கு இறங்கியது. பத்மநாதன் பயந்துதான் போனார். யாரிடம் சொல்ல? சத்தத்தைச் சொன்னால் மீசையைச் சொல்ல வேண்டும், மீசையைச் சொன்னால் கண்ணைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் மீசை கையோடு வந்துவிடும். திருப்புளியை எடுத்துக்கொண்டு போய், போன மாதிரியே திரும்பி வந்தார். அது இல்லாமல் அவரால் கோயில்வரை ஓட்ட முடியாது.

ஆடி மாதத்தில் ஒருநாள், பின்னேரமாகியும் வெயில் இறங்காத நேரம், பக்கத்து ஹொல்ம்லியாவில் தையல்காரி ராசமலர் தைத்து வைத்திருந்த சேலைச் சட்டையை எடுக்கச் சாருகாவோடு புறப்பட்டார். கலியாணத்தன்று கொண்டை கூரையில் இடிக்குமோ என்று பார்க்க அவள் பின்சீற்றில், வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. ஹொல்ம்லியாக் குடியிருப்புகளுக்கு நடுவே திரும்பியதும் மீசை தொடங்கியது.

"அப்பா, கீழை என்ன சத்தம்?"

"மீசை. கல்லிலை முட்டுது."

அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். "கல்லு அங்காலை கிடக்குது. ஒண்டுமே முட்டேல்லை."

சத்தம் ஏறியது. இது உரசுகிற சத்தமல்ல. யாரோ கம்பியைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிற சத்தம். பத்மநாதனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்ற அதே கணத்தில், முன்புறக் குரோமை உரசினாற்போல் ஒரு சின்னப் பெண் கால்தள்ளு வண்டியில் கடந்து போனாள். நடுவீதியைத் தாண்டி இடப்பக்கம் வந்த பிறகுதான் அவளுடைய நீலத் தலைக்கவசம் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பியும் பாராமல் போய்விட்டாள்.

பத்மநாதன் எஞ்சினை நிறுத்தினார்.

"அவளைக் கண்டோ நிப்பாட்டினீங்கள்?" என்று சாருகா கேட்டாள்.

'ஓம்' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லைப் பிள்ளை. எனக்கு அந்தப் பக்கம் தெரியிறேல்லை."

"எப்ப துவக்கம்?"

"போன குளிருக்கை."

"ஃபஸ்ட்லேகெயிட்டைச் சொன்னீங்களோ?"

குடும்ப வைத்தியரிடம் வாயே திறக்கவில்லை என்று அவர் தலையை அசைத்தார். சாருகா இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இறங்குங்கோ அப்பா. நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்."

"கலியாணத்துக்கு நான்தானே…"

"கலியாணத்துக்கு நான் ஓட்டுறன். நீங்கள் பக்கத்திலை இருங்கோ. கலியாணச் சேலையோடை ஓட்டக்கூடாதெண்டு சட்டமில்லையே."

சட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பும்போது பத்மநாதன் வெட்கப்படாமல் அழுதார். ஆசை போயிற்றே என்ற துக்கம் பாதி. இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல் மீதி. வழி முழுக்க மீசை வாயைத் திறக்கவில்லை. ஹவுகெட்டோவில் வழக்கமான இடத்தில் காரை நிறுத்தியதும், மனதில் கிடந்த மற்றதையும் சொன்னார்.

"அண்டைக்கு நாலு தேசிக்காயும் நசிஞ்சதெண்டு சொன்னனான். நாலாவதை நான் காணேல்லை."

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதைங்கோ, கோயிலிலை இருந்து ஐயரையே கூட்டிக்கொண்டு வந்திடுவா" என்று சாருகா முதல் தடவையாகச் சிரித்தாள்.

திருப்புளியை எடுத்து வந்து வலது பின்சில்லின் தகட்டைக் கழற்றினார். தகட்டின் உள்விளிம்பில், தூசிக்கும் காய்ந்த சேற்றுக்கும் நடுவே, தேசிக்காய் உட்கார்ந்திருந்தது. கறுத்துச் சுருங்கியிருக்க வேண்டியது. பச்சைப்பசேலென்று இருந்தது. கையில் எடுத்தபோது குளிர்ந்தது. குங்குமம் ஈரமாக விரலில் ஒட்டியது.

"இப்ப வாங்கின மாதிரி இருக்கு" என்றாள் சாருகா. குரல் இறங்கியிருந்தது. "சில்லுக்குக் கீழை வையுங்கோ. நான் ஏத்துறன்."

அவள் போய்ச் சாரதி இருக்கையில் ஏறினாள். பத்மநாதன் காரைப் பார்த்தபடி குந்தி, காயைச் சில்லுக்கு முன்னால் வைத்தார். மீசை அவருடைய வலப்பக்கம் இருந்தது. எஞ்சின் உறுமியது. சாருகா வலப்பக்கத்துக் குரோம் கண்ணாடியைப் பார்ப்பது தலை அசைவில் தெரிந்தது.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அவர் எழுந்து பின்னால் ஓரடி வைத்தார்.

"உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிற அந்த வயது போனவரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. காரிலை முட்டிக்கொண்டு நிக்கிறார்."

பத்மநாதனின் வலப்பக்கத்தில் வழக்கமான மூட்டம் இருந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் இடது கண் பார்த்துச் சொல்லிவிடும். கழுத்து திரும்ப மறுத்தது.

"ஓம் பிள்ளை" என்றார்.

கார் இன்னும் நகரவில்லை. மூட்டத்தின் விளிம்பில் மீசையின் நுனி மட்டும் தெரிந்தது. வில்லாக வளைந்திருந்த அது, யாரோ விரலை எடுத்ததுபோல் மெல்ல நிமிர்ந்து, 'கிர்ர்' என்று ஆடத் தொடங்கியது.