வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

"வெள்ளிக்கிழமை செலினா ஆன்ட்டி சோறு வேணாம்மா. அத அப்பா நாய்க்குக் கொட்டிருவாரு."

ரோகிணியின் மகள் இதைச் சொல்லிவிட்டு ஒரு கேரட்டைக் கடித்துக்கொண்டு ஓடிப்போனாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாயுடுபுரத்தில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்த மூன்று பெண்கள், சந்தைக் காய்களை ரோகிணி வீட்டுக் கூடத்தில் பரப்பி, வருகிற வாரம் யார் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ரோகிணிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, நதியாவுக்கு ஹோட்டல் ரிசப்ஷன், செலினா நர்ஸ். மூவருக்கும் சின்னப் பிள்ளைகள். காலையில் மூவருக்குமே தலைசீவ நேரமிருக்காது. அதனால்தான் ரோகிணி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். முறை வருகிறவள் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு கட்டித் தரவேண்டும். ஷிஃப்ட் வேலை என்பதால் செலினாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும். அதற்கு ஈடாக ஞாயிறுதோறும் மூன்று வீட்டுக்கும் அவள் காய் நறுக்கி, பூண்டு உரித்துக் கொடுப்பாள்.

இப்போதும் உரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை சொன்னது காதில் விழுந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. நதியா அவசரமாக பீன்ஸ் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மிச்சமிருந்த பூண்டையும் உரித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று செலினா எழுந்து போனாள்.

ரோகிணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். வெளியே பனி இறங்கி, எதிர்வீட்டு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. கணவன் ஆனந்த் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கேட்டாள்.

அவன் மறுக்கவில்லை. காலையில் பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவன் அவன்தான். வெள்ளிக்கிழமைகளில் செலினா கொடுத்த டப்பாவை வழியில் கொட்டிவிட்டு, கடை இட்லியை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். ஏற்பாடு தொடங்கிய நாள் முதலே இப்படித்தான். நதியா வீட்டுக்காரன் கேட்டுக்கொண்டதால் அவர்கள் பிள்ளைக்கும் சேர்த்தே வாங்கியிருக்கிறான். சொன்னால் நீ சண்டை போடுவாய், அதனால்தான் சொல்லவில்லை என்றான்.

"அவுங்க எந்த ஆளுகன்னு உனக்குத் தெரியாதா? எங்க ஊரு பூண்டியில தோட்டத்துக்குப் பூண்டு பிடுங்க வாரவுக வகையறா. சர்ச்சுக்குப் போனா எல்லாம் மாறிருமா?"

"அவுங்க பிடுங்குன பூண்டத்தான நாம திங்கிறோம்? செலினாக்கா உரிச்சுத்தான நான் குழம்பு வைக்கிறேன்?"

"அது பச்சையா வருது. சோறு அப்படியா?"

இதை அவன் கோபப்படாமல், மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வெள்ளனே, செலினா டியூட்டி முடிந்து திரும்பும் நேரத்துக்கு, ரோகிணி அவள் வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை இரவெல்லாம் சேர்த்துவைத்திருந்தாள். செலினா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் ரோகிணி. மத்த ரெண்டு பிள்ளைகளுக்கும் கடை இட்லி, தனக்கு மட்டும் வீட்டுச் சோறான்னு சைமன் வந்து அழுதான். மகனுக்கு என்னன்னு சொல்ல?"

"பெறகு எதுக்குக்கா ஒவ்வொரு வாரமும் சமைச்சீங்க?"

"நிறுத்தியிருந்தா, செலினா முறை வந்தா ஏமாத்துறான்னு பேச்சு வந்திருக்கும். கொட்டுறவுக கொட்டட்டும். என் பக்கம் குறை இருக்கக் கூடாதுன்னு செஞ்சேன்." கதவைச் சாத்திக்கொண்டே அவள் கேட்டாள்: "ஆமா, நீ ஒரு நாளாச்சும் என் சமையல ருசி பாத்திருக்கியா?"

ரோகிணி நின்றாள். இல்லை. கேட்டதில்லை, தோன்றியதும் இல்லை. தன் வீட்டில் செலினா எத்தனையோ முறை காப்பி குடித்திருக்கிறாள். செலினா வீட்டில் தான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மத்தியானத்துக்குள் நதியா ஃபோன் செய்தாள். வீட்டுக்காரருக்கு நேரம் ஒத்துவரவில்லையாம், இனி அவரவர் சமையலை அவரவர் பார்த்துக்கொள்ளலாமாம். ரோகிணிக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அது சுலபம், யாருக்கும் முகம் கோணாது. ஆபீசில் உட்கார்ந்தும் மனசு வேலையில் ஒட்டவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே செலினா வீட்டுக்குப் போனாள். நாம் இரண்டு வீடும் தொடர்வோம், பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும் சேர்த்து, இராச் சாப்பாடும் உண்டு என்றாள்.

செலினா உடனே சம்மதிக்கவில்லை. "ரெண்டு நாள் செஞ்சு காட்டிட்டு விட்ரக் கூடாது. சைமன் மறுபடி அழுதா எனக்குத் தாங்காது" என்றாள். உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். ரோகிணி உட்கார்ந்து சாப்பிட்டாள். காரம் கண்ணில் நீர் வரவைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஆனந்த் சாப்பிட உட்கார்ந்தான். கத்தரிக்காய்ப் பொரியல் நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான்.

"செலினாக்கா சமைச்சது" என்றாள் ரோகிணி. "இனிமே அவுங்களுக்கு டியூட்டி இல்லாத நாள்ல நம்ம வீட்டுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு. மீதி நாள் அவுங்களுக்கு இங்கிருந்து."

அவன் கை தட்டிலேயே நின்றது. எழுந்து கழுவினான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, நான் கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசல்வரை போனான். மகள் தன் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் பொரியலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

ரோகிணி குரலை உயர்த்தவில்லை.

"போயிட்டு வாங்க. அங்க உள்ள அடுப்படியில நிக்கிறது எந்த ஆளுகன்னு மட்டும் கேட்டுட்டுச் சாப்பிடுங்க."