கைக்குட்டைக்கு டிக்கெட் இல்லை

ஒசாகாவில் அவர்களுக்குக் கிடைத்த அறையில் பெட்டியைத் திறந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி நின்றுகொள்ள வேண்டும். கொடுத்த வாடகைக்கு மாளிகையா கிடைக்கும்? திகம்பர் நிகமுக்கு அதில் குறையில்லை. சதாரா–கராட் அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர். நெரிசலைக் கண்டு முகம் சுளிக்கிற ஆள் அல்ல. தினமும் ஒருநாள் பாஸ் வாங்கி ரயில் ரயிலாக ஏறி இறங்கி, அறையில் வடித்த சோற்றையும் ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலைப் பொடியையும் வைத்தே ஐந்து நாளை ஓட்டிவிட்டார்.

மறுநாள் ஊருக்கு விமானம். மனைவி அனுசூயா இந்தப் பயணத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பூத்த செர்ரி மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும். மூட்டுவலிக்காரி. தினமும் பூங்காவுக்குப் போவதும், இடம் கிடைக்காமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதுமாகவே இருந்தது. இன்று ராத்திரி மழையாம். மழை பெய்தால் பூவெல்லாம் கொட்டிவிடும்.

"இன்னைக்கும் நின்னுக்கிட்டே பாக்கணும்னா நான் வரல. உங்க பஸ்ல நின்னதே போதும்" என்று சொல்லிவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. கண்டக்டர் தன் பெண்டாட்டிக்குச் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார் என்று பேச்சு வரக் கூடாதென அத்தனை வருடமும் வீம்பாக இருந்தவர் அவர். ஏழு மாதக் கர்ப்பத்தில் கராடிலிருந்து உம்பரஜ் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தது இப்போதும் அவர் நெஞ்சை உறுத்துகிறது.

அதனால்தான் விடிந்தும் விடியாமலும் அவர் மட்டும் கோட்டைப் பூங்காவுக்கு ஓடினார். அகழிக்கரையில் ஒரு மரம் கிளை தாழப் பூத்திருந்தது. அடியில் ஈ காக்கை இல்லை. கைக்குட்டையை எடுத்து உதறி, புல்மேல் நாலு மூலையும் இழுத்து விரித்தார். ஊரில் பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிட்டால் அந்தச் சீட்டு நம்முடையது. அந்த நிம்மதியோடு அனுசூயாவை அழைத்துவரக் கிளம்பினார்.

சோறு வெந்து, அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்து, வந்து சேர ஒன்பது மணியாகிவிட்டது. மரத்தடியில் அகலமான நீலப் பாய். அதன் நடுவில் கோட்டும் டையுமாக, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சம்மணம் போட்டிருந்தார்.

திகம்பர் மராத்தியில் சொன்னதைக் கைப்பேசி ஜப்பானிய மொழியில் சொன்னது. "இது நான் பிடிச்சு வெச்ச இடம். கைக்குட்டை போட்டிருந்தேனே?"

அந்த மனிதர் பதறி மண்டியிட்டார். அவர் பதிலைக் கைப்பேசி வழக்கம்போல் பட்டாளத்து மரியாதையோடு ஒப்பித்தது. "தாங்கள் தவறவிட்ட கைக்குட்டையை மடித்துப் பூங்காக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டேன்."

"தவறவிடலீங்க. வேணும்னுதான் போட்டேன்."

"ஆள் இல்லாமல் இடம் பிடிக்க இங்கே அனுமதி இல்லை. என் அலுவலகத்தாரின் பூப்பார்க்கும் விருந்துக்காகக் காலை ஆறு மணியிலிருந்து அமர்ந்திருக்கிறேன்."

சண்டைக்குத் திறந்த வாயைத் திகம்பர் மூடிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் அவரே சொல்லி வந்த சட்டம் இது. கைக்குட்டைக்கு நான் டிக்கெட் கொடுக்கலை, உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் சீட்டு என்று எத்தனை பேரை அடக்கியிருக்கிறார்.

"அவர் சொல்றது நியாயம்தான் அனு," என்றார்.

"ஊருக்கெல்லாம் நியாயம், எனக்கு மட்டும் கம்பி," என்றாள் அவள். ஆனால் அவள் கண் அந்த மனிதர்மேல் இருந்தது. "ஏங்க, அவரைப் பாருங்க. ரொம்ப நேரமா ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு இருக்காரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க பஸ்ல போனவளுக்குத் தெரியாதா? கெஞ்சினாலும் வழியில நிறுத்த மாட்டீங்களே."

கைப்பேசியைப் பிடுங்கி அவளே பேசினாள். "தம்பி, நீங்க போயிட்டு வாங்க. ஆள் இருக்கணும், அவ்வளவுதானே? நாங்க உக்காந்திருக்கோம்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேவிட்டாள். அந்த மனிதர் ஒருமுறை குனிந்தார், இன்னொருமுறை குனிந்தார், மூன்றாவதற்குப் பொறுக்க முடியாமல் ஓடினார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. கையில் மூன்று தேநீர் பாட்டில். தன் பெயர் மொரிவாகி என்றார். இவர்கள் எழப்போக, இரண்டு கையாலும் தடுத்தார். "ஆள் இருக்க வேண்டும் என்பதே விதி. எந்த ஆள் என்று விதியில் இல்லை. அலுவலகத்தார் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார்கள். தனியாகக் காவல் இருப்பது கொடுமை."

மூவரும் சாப்பிட்டார்கள். வேர்க்கடலைப் பொடியின் காரத்தில் மொரிவாகிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இன்னொரு கரண்டிக்குக் கையை நீட்டினார். அனுசூயா கால் நீட்டி, அப்படியே சாய்ந்து, பூ உதிர உதிரத் தூங்கிப்போனாள். திகம்பர் அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெயில் சரிந்தபோது அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "ஸ்டாப் வந்துடுச்சா?"

"இன்னும் வரல. நீ தூங்கு."