தொட்டிச் சுவரில் பன்னிரண்டாவது வரி

வியாசர்பாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்க்கிறவர்களுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிச் சுவர் உண்டு. எங்கேயோ கொண்டுபோய் விட்ட புறா எப்படி வீடு கண்டுபிடிக்கிறது என்று ஆளாளுக்கு அதில் கரித்துண்டால் எழுதுவார்கள். சொன்னது பொய்யானால் சொன்னவரே தன் கையால் கோடு போட்டு அடிக்கவேண்டும். அதுதான் மாடிச் சட்டம். காசிமேட்டு மீன் நாற்றத்தை மோப்பம் பிடித்து வருகிறது என்றார் பாஸ்கர். மீன்பிடித் தடைக்காலத்திலும் புறா டாண்ணு வந்து நின்றது. பாவம், அடித்தார்.

துறைமுக எலெக்ட்ரீஷியன் பீம்ராவ் எழுதிய பன்னிரண்டாவது வரியை ஏழு வருஷமாக யாராலும் அசைக்க முடியவில்லை. "எண்ணூர்ப் பழைய புகைபோக்கிதான் அடையாளம். அது இல்லாங்காட்டி ஒரு புறாவும் வூடு வராது." மனுஷனுக்கு என்ன தெனாவட்டு!

இந்தச் சனிக்கிழமை அவருடைய செல்லப் புறா மைனர் பந்தயக் கூடையில் ஆந்திராவின் ஒங்கோலுக்கு லாரி ஏறியது. அன்று சாயந்திரமே அந்தப் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள்.

"இன்னா மாமு," என்றார் மசாலாக்கடை ஹபீபுல்லா. புறா சூரியனைப் பார்த்துத்தான் வருகிறது என்று பதினோராவது வரி எழுதியவர். "உன் தியரி கரெக்டுன்னா மைனர் காலி. மைனர் வந்துட்டா தியரி காலி. எது வோணும்?"

"ரெண்டும்தான் வோணும் பாய்," என்றார் பீம்ராவ்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒங்கோலில் கூடையைத் திறந்தார்கள். பதினொன்றுக்குள் வந்திருக்கவேண்டும். வானமெங்கும் மேகம், சூரியன் தலைகாட்டவே இல்லை. மணி ஒன்றாகி மூன்றும் ஆனது. மனைவி தாயம்மா கொண்டுவந்த சோற்றை அவர் தொடவில்லை. இல்லாத புகைபோக்கியைத் தேடி மைனர் அலைவதாகவே அவருக்குத் தோன்றியது.

"நான் சொன்னது தப்பாப் பூடணும் தாயம்மா. ஏழு வருஷமும் தப்பாப் பூடட்டும்."

நாலே காலுக்கு, சிறகெல்லாம் நனைந்து, தொப்பென்று கூண்டின்மேல் இறங்கியது மைனர்.

"தப்பு! நான் சொன்னது மொத்தமும் தப்பு!" பீம்ராவ் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர்கள் அலறிக்கொண்டு வெளியே வந்தார்கள். கரித்துண்டால் அடித்த வேகத்தில் சுண்ணாம்பே பெயர்ந்தது.

ஹபீபுல்லா நைசாகப் படியிறங்கப் பார்த்தார்.

"நில்லு பாய்! இன்னிக்கி சூரியன் எங்க கீது?" பீம்ராவ் கரியை நீட்டினார். அசடு வழிந்தபடி அவரும் அடித்தார்.

"அப்ப இன்னாத்தப் பார்த்துதான் வந்துச்சாம்?" என்றாள் தாயம்மா.

இருவரும் மைனரைப் பார்த்தார்கள். அது பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பீம்ராவ் சுவரில் பதிமூன்று என்று எழுதி, பக்கத்தில் தாராளமாக இடம் விட்டுவிட்டு, ஆறிப்போன சோற்றை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.