மேசையின் மினுக்கம்

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான் முதலில் மேசையைத்தான் துடைத்தேன். கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்த என் மனைவி யசிந்தா, "பீடத்தைக்கூட ஆரும் உப்பிடித் துடைக்கேல்ல" என்றாள். நாற்பது நாள் போர்வைக்குள் கிடந்த மேசை. தவக்காலம் முழுக்க, எங்களோடு சீட்டாடும் வின்சன்ட் அண்ணை சீட்டைத் தொடமாட்டார். அவர் இல்லாவிட்டால் நாலு பேர் சேராது. இன்றைக்கு மறுபடியும் விளையாட்டு. இன்றைக்கு வெல்கிறவன் வீட்டில்தான் இனி மேசை நிற்கும்.

நான் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் பைபர் வள்ளம் திருத்துகிறவன். எங்களுக்குப் போக்கர் கொண்டுவந்தவன் நிதர்சன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், கட்டாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து மாபிள் பதித்த வீடு கட்டியவன். கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து என்று அவன் சொல்லித்தந்த அன்றோடு எங்கள் பழைய சீட்டாட்டமான முன்னூற்றிநாலு செத்துப்போனது. விளையாட்டு அவனுடையதாகிவிட்டது. மேசையாவது என்னுடையதாக இருக்கட்டுமென்று நான் அதைச் செய்தேன். எரிச்சலில் செய்த மேசை என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

பிளைவூட்டை எட்டு மூலையாக வெட்டி, நடுவில் பஞ்சு வைத்துப் பச்சைத் துணி இழுத்து அடித்தேன். சுற்றிவர, கை வைக்க ஒரு சாண் அகலத்தில் விளிம்பு. அதை வள்ளத்தின் விளிம்பு மாதிரியே உருட்டி, பைபர் ஒட்டி, கறுப்புப் பூச்சுப் பூசி, தண்ணீர்த் தாள் என்கிற ஈர உப்புத்தாளால் நாலு நாள் தேய்த்து, பொலிஷ் போட்டேன். வேறு யாரும் அதை மரமாகவே விட்டிருப்பார்கள். வள்ளம் செய்கிறவனுக்கு மினுங்கினால்தான் வேலை முடிந்தது. தாராபுரத்திலிருந்து வரும் ஹலீம், "காசெண்டா நான் வரமாட்டன், ஹறாம்" என்று முதலே சொல்லியிருந்ததால் காசுக்குப் பதிலாகச் சோகிகளை வைத்து விளையாடினோம். தன் சீட்டை நம்புகிறவன் சோகியை நடுவுக்குத் தள்ளுவான், எதிர்க்கத் துணியாதவன் சீட்டைக் கவிழ்த்து விலகுவான்.

முதல் நாளே நிதர்சன் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்து, "மச்சான், உந்த விளிம்பைக் கொஞ்சம் தேச்சு விடன். மினுக்கம் கூடிப்போச்சு" என்றான். என் வேலை அவனுக்குக் கண்ணில் குத்துகிறது என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த கிழமை இன்னொரு பூச்சுப் பூசினேன்.

விளையாட்டில் எனக்கொரு பெயர் இருந்தது. நல்ல சீட்டு வந்தாலொழிய நான் சோகியைத் தள்ளமாட்டேன். ஆறு மாதத்தில் ஒரு தரம்கூடப் பொய்க்குத் தள்ளியதில்லை. "றொட்னி போட்டானெண்டா அவனிட்ட இருக்கும்" என்பது என்னைப் பற்றிய ஹலீமின் வாய்ப்பாடு. விளிம்பைப் போலவே அந்தப் பெயரையும் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசி வைத்திருந்தேன். ஒரேயொரு நாள், ஒரேயொரு பொய்க்கு அது உதவும்.

நிதர்சனுக்கு அப்படி எந்தக் கவலையும் இல்லை. எல்லாச் சீட்டுக்கும் விளையாடுவான். என்னிடம் அடிக்கடி தோற்பான், தோற்றுவிட்டுப் பெரிதாகச் சிரிப்பான். சீட்டை மேசையில் வைத்துப் பார்க்கவும் மாட்டான், மடிக்குள் வைத்துத்தான் பார்ப்பான். இவ்வளவு பாடுபட்டு மேசை செய்தவனுக்கு அது எப்படி இருக்கும்? ஆனாலும் எல்லோருக்கும் அவனைத்தான் பிடிக்கும். யசிந்தா முதல் தேத்தண்ணியை அவனுக்குத்தான் வைப்பாள். கேட்டதற்கு, "அவர் தோத்தும் சிரிக்கிறார். நீங்கள் வெண்டும் முறைக்கிறீங்கள்" என்றாள். அந்தச் சொல் மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் ஞாயிறு, வின்சன்ட் அண்ணை என் தகரக் கொட்டிலின் வெக்கை தாங்காமல், "மேசையை நிதர்சன்ர ஹோலுக்குக் கொண்டுபோவமே. ஃபேனும் இருக்கு" என்றார். ஹலீம் தலையாட்டினான். நிதர்சன் என்னைப் பார்த்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உயிர்த்த ஞாயிறு ஆர் வெல்லுறானோ, அவன்ர வீட்டில மேசை" என்றேன்.

அந்த உயிர்த்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குள் வின்சன்ட் அண்ணையின் சோகியும் ஹலீமின் சோகியும் முடிந்துவிட்டன. ஹலீம் அஸர் தொழுகைக்குப் போக எழும்பியவன், முடிவைப் பார்க்க அப்படியே நின்றான். நானும் நிதர்சனும் மட்டும். என் சீட்டின் மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஏழும் இரண்டும், வேறு வேறு இனம். அதைவிடக் கேவலமான சீட்டு இல்லை. மேசையில் விழுந்த ஐந்தில், எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஆசு ஒன்றும் இரண்டு ராசாவும் இருந்தன. இன்றுதான் அந்த நாள் என்று நினைத்தேன். இன்னொரு தரம் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாச் சோகியையும் நடுவுக்குத் தள்ளினேன்.

நிதர்சன் என் முகத்தைப் பார்க்கவில்லை. விளிம்பை ஒரு தரம் விரலால் தடவினான். பிறகு சீட்டைக் கவிழ்த்துப் போட்டான்.

"றொட்னி போட்டானெண்டா இருக்கும்" என்று சிரித்தான்.

வின்சன்ட் அண்ணை அவனுடைய சீட்டை எடுத்துத் திருப்பினார். இரண்டும் ஆசு. "விசரே உனக்கு? உந்தச் சீட்டை வச்சுக்கொண்டு ஆராவது கவிழ்ப்பாங்களோ?"

"பயந்திட்டன் அண்ணை."

அன்று பின்னேரம் முழுக்க நான் மிதந்தேன். மூன்று ஆசு சேர்ந்தவனை வெறும் பெயரால் வென்றிருக்கிறேன். யசிந்தாவிடம் மூன்று தரம் கதையைச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை சோகியை எண்ணி டப்பாவில் போட்டேன். ஒன்று குறைந்தது. நிதர்சனின் கதிரைக்கடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தேன். யசிந்தா என் கதிரையில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் காட்டித் தாங்கோவன்" என்று இரண்டு சீட்டை எடுத்து, என்னைப் போலவே மூஞ்சையை வைத்துக்கொண்டு மூலையைத் தூக்கினாள். கறுப்பு விளிம்பின் வளைவில் ராணியும் நாலும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தன.

"இன்னொருக்காத் தூக்கு" என்றேன். வேறு சீட்டை எடுத்துத் தூக்கினாள். ஒன்பது தெரிந்தது.

ஆறு மாதமாக என் சீட்டு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் தோற்றிருக்கிறான். நேற்று ஏழையும் இரண்டையும் பார்த்துக்கொண்டே ஆசுகளைக் கவிழ்த்திருக்கிறான். விளிம்பைத் தேய்க்கும்படி முதல் நாளே என்னிடம் சொல்லியும் இருக்கிறான். மேசையை வென்று கொண்டுபோயிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது நல்லவன் என்ற பெயரையும் அவன்தான் எடுத்துக்கொண்டான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர்த் தாளை நனைத்துக்கொண்டு வந்து அதே கதிரையில் உட்கார்ந்தேன். தேய்த்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று வருகிற ஞாயிறு அவனுக்குத் தெரியும். தேய்க்காவிட்டால் இன்னும் பார்ப்பான், இன்னும் விட்டுத் தருவான். தாளிலிருந்து தண்ணீர் முழங்காலில் சொட்டியது.

"இப்ப என்ன சீட்டெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று யசிந்தா சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். சீட்டுத் தெரியவில்லை. கறுப்பு விளிம்பில் அவளுடைய சிரிப்பு தலைகீழாகத் தெரிந்தது. நிதர்சனின் கதிரையிலிருந்து அது மிகவும் தெளிவாகத் தெரிந்தது; என் கதிரையிலிருந்து நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.