மௌனத்தைச் சரியென்ற சோதனை

வித்தியாவின் கணினியில்தான் கோளாறு என்று அலுவலகத்தில் எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். கொக்குவிலில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனம் அது. மற்ற அலுவலகங்களின் இணைய இணைப்புக்கு முன்னால் காவலுக்கு வைக்கும் பெட்டிகளை அவர்கள் செய்து விற்றார்கள். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தின் நடுப்பகுதியான கேர்னல், வெளியிலிருந்து பக்கற் பக்கற்றாக வரும் தரவுப் பொட்டலம் ஒவ்வொன்றையும் பார்த்து, ஆகாததைத் தடுத்துவிட வேண்டும். புதிய பதிப்பு வெளியே போகுமுன் அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதனைகளை ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒரு சோதனை, தடைசெய்யப்பட்ட பக்கற்றைத் துண்டுகளாக்கி, வரிசையை மாற்றி அனுப்பிப் பார்க்கும். எல்லாருடைய கணினியிலும் அது வெற்றி என்றது. வித்தியாவினுடையதில் மட்டும் தோல்வி.

கணினியைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்படி முதலாளி சுதாகரன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு போக வேண்டும். அவளும் சரியென்று தலையாட்டினாள். ஆனால் துடைக்க மனம் வரவில்லை. பழுதான கணினி ஒருநாள் ஒன்று சொல்லும், மறுநாள் இன்னொன்று சொல்லும். இதுவோ எத்தனை தரம் ஓட்டினாலும் பிடிவாதமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசைக் கணினியை இரவல் வாங்கி, சோதனையை வரிவரியாக ஓட்டிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவும் மறந்துபோனாள். பக்கற்றை அனுப்ப ஒரு நிரல், வாங்க ஒரு நிரல். வாங்குகிறவனிடம் எதுவும் வந்து சேராவிட்டால் வடிகட்டி தடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் பக்கத்து மேசைக் கணினியில் வாங்கும் நிரல் பழைய பதிப்பு. சோதனை கொடுத்த கட்டளை அதற்கு விளங்கவில்லை. தொடங்கிய உடனேயே அது செத்துப்போயிற்று. அது சொன்ன பிழைச் செய்தியையும் யார் கண்ணிலும் படாமல் தள்ளிவிடும்படி சோதனையிலேயே எழுதியிருந்தது. வாங்க ஆளே இல்லாத இடத்தில் எதுவும் வந்து சேராதுதானே. அதைத்தான் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய கணினியில் மட்டும் வாங்கும் நிரலின் புதிய பதிப்பு இருந்தது. வாங்குகிறவன் உயிரோடு இருந்தான். தடுக்க வேண்டிய பக்கற் வடிகட்டியைத் தாண்டி வந்து சேர்ந்தது.

பல நாடுகளிலிருந்து சேர்ந்து கேர்னலைப் பொதுவில் எழுதுகிறவர்கள் அந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெட்டிகளில் இருந்ததோ பழைய கேர்னல். சோதனை வெற்றி என்று சொன்னதால் யாரும் அதைத் தொடவில்லை. நல்லூரில் ஒரு அலுவலகத்தில் அப்படியொரு பெட்டியை அவளே கொண்டுபோய்ப் பொருத்தியிருந்தாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் வாக்குமூலம் எடுத்துச் சேர்த்து வைக்கும் இடம் அது. அவளுடைய அம்மாவும் அங்கே போய், தன் தம்பியைப் பற்றி ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர்.

அந்தச் சோதனையை எழுதியவன் ஜெயசுதன். அவளுக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். அவனுடைய சோதனை உலகப் பொதுக் கேர்னலுக்குள் ஏற்கப்பட்ட நாளில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வித்தியா முதலில் அவனிடம்தான் போனாள். அவன் திரையைப் பார்த்தபடியே, தான் எழுதும்போது தன் கணினியில் எல்லாம் ஓடியதே என்று மெதுவாகச் சொன்னான். அவள் திருத்தத்தைக் காட்டினாள். தடையைப் போடுமுன் ஒருமுறை பக்கற்றை அனுப்பி அது வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால்தான் தடையைப் போட்டுச் சோதிக்கலாம். அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் திருத்தத்தின் கீழே அவள் எழுதியிருந்த கடைசி வரியில் அவன் கண் நின்றது. எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறோம் என்று சொல்லும் வரி அது. அதைப் பிடித்துப் போகிற எவருக்கும் அவன் பெயர் தெரியும்.

"அந்த வரியை விட்டிட்டு அனுப்பும், வித்தியா," என்றான். "வாற கிழமை எனக்கு நேர்முகம். ஜேர்மன்காரர். அந்தச் சோதனையைப் பாத்துத்தான் கூப்பிட்டவங்கள்."

"அண்ணை, பழைய கேர்னல் வைச்சிருக்கிறவை அந்த வரியைப் பாத்துத்தான் திருத்தத்தை எடுக்கிறவை. அது இல்லாட்டி எங்களைப் போல ஆக்களுக்குப் போய்ச் சேராது."

"எனக்கும் அது தெரியும்."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு மறுக்க லேசாக இருந்திருக்கும். மேசைக்குத் திரும்பி வந்து அந்த வரியை அழித்தாள். திருப்பி எழுதினாள். அளவெட்டியில் அவன் கட்டத் தொடங்கிப் பாதியில் நிற்கும் வீடு அவளுக்குத் தெரியும். கடைசியில் வரியோடேயே பொதுக் கேர்னலுக்கு அனுப்பிவிட்டு, சுதாகரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வெள்ளிக்கிழமையை மறந்துவிடச் சொல்லி, பெட்டி வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்.

நல்லூருக்கு அவளே ஸ்கூட்டரில் போனாள். கோயில் தேர்முட்டிப் பக்கத்துத் தெருவில் ரியூசன் வகுப்பு விட்ட பிள்ளைகள் சைக்கிள்களோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அலுவலகப் பொறுப்பாளர் சிவக்கொழுந்து அம்மாவிடம் விடயத்தைச் சொல்லி, வெளி இணைப்பைக் கழற்றினாள். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"ஆரும் உள்ளுக்கு வந்தவையோ, பிள்ளை?"

"தெரியாது, அம்மா. வந்திருந்தாலும் தடம் இருக்காது."

சிவக்கொழுந்து அம்மா, அப்படியென்றால் வாக்குமூலம் சொன்னவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்ல வேண்டும் என்றார். தொலைபேசியை எடுத்து, முதல் இலக்கத்தை அழுத்தினார். புதிய கேர்னலை ஏற்றி முடிக்கும்வரை வித்தியா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொருவருக்கும் அதே சொற்கள், அதே நிதானம். சிலர் சொன்னதை மட்டும் கூடுதல் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்கு வருமுன் அழைப்பு அம்மாவுக்கும் போய்விட்டது. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தம்பியை ஆர் கூட்டிக்கொண்டு போனதெண்டு பேரோடை சொன்னனான்," என்றார். "அந்தப் பெடியன் இப்பவும் உந்தச் சந்தியிலை கடை வைச்சிருக்கிறான். பிள்ளை குட்டியோடை இருக்கிறான்."

அம்மா பயந்தது தனக்காகவா, அந்த மனிதனுக்காகவா என்று வித்தியாவுக்கு விளங்கவில்லை. வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கலாம், தான் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அம்மா வேண்டாம் என்றார். சொன்னது சொன்னதுதான் என்றார். அன்றிலிருந்து அவர் அந்தச் சந்திப்பக்கம் போவதில்லை. சாமான் வாங்க ஒழுங்கையால் சுற்றிப் போனார்.

திருத்தம் சில நாளில் ஏற்கப்பட்டது. பொதுக் கேர்னலின் பொறுப்பாளர் ஒருவர் நன்றி என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். வேறு நாடுகளில் பழைய கேர்னல் வைத்திருந்தவர்கள் இரண்டொருவர் தங்களிடமும் அந்தச் சோதனை பொய்யாகத்தான் வெற்றி சொன்னது என்று எழுதினார்கள். அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஜெயசுதனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. நேர்முகம் முடிந்து இரண்டாவது கிழமை, தேநீர் ஊற்றும் இடத்தில் அவனாகவே அவளிடம் வந்தான்.

"அவங்கள் உந்தச் சோதனையைப் பற்றிக் கேக்கவேயில்லை," என்றான்.

அவள் மனப்பாரத்தை இறக்கத்தான் அப்படிச் சொன்னானா, இல்லை வேறு எதற்காகவோ என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தாள். அவன் கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தான். "ஓம் அண்ணை," என்றாள். இருவரும் அங்கே நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்தார்கள்.